என் கார்களை ஒளித்து வைக்க மாட்டேன்

தினேஷ்,

சூளகிரியில் உன் காரிலிருந்து நான் இறங்கி இன்றோடு பதினோரு நாள் ஆகிறது. கோபத்தில் எழுதுகிறாள் என்று நீ நினைக்கக் கூடாது என்பதற்காகவே இத்தனை நாள் பொறுத்திருந்தேன். கோபம் இன்னும் இருக்கிறது. ஆனால் இப்போது வரிசையாக எழுத வருகிறது. நேரில் பேசினால் நீ நடுவில் புகுந்து, "சரி விடும்மா, சரி விடும்மா" என்று என் பேச்சை முடித்துவிடுவாய். உன் அளவுக்கு எனக்குப் பேச்சு வராது. எழுதினால் கடைசி வரி வரைக்கும் நான்தான் பேசுவேன். அதனால் சாப்பாட்டு மேசையில் பிரித்துப் போட்டிருந்த ரிமோட் காரைக் கொஞ்சம் நகர்த்திவிட்டு இந்த நோட்டை எடுத்திருக்கிறேன்.

மத்தூரில் உனக்குப் பார்த்த பெண் சங்கீதாவின் வீடு உனக்கும் எனக்கும் பிடித்துப்போய், அவர்கள் முதல் தடவையாக நம் ஓசூர் வீட்டைப் பார்க்க வருவதாக இருந்த அந்த வாரத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். நீ பெங்களூரிலிருந்து இரண்டு நாள் முன்னாடியே வந்துவிட்டாய். அம்மாவுக்கு ஒத்தாசை செய்ய வந்திருக்கிறாய் என்று சந்தோஷப்பட்டேன். திரைச்சீலை மாற்றினாய், மின்விசிறியைத் துடைத்தாய். பிறகு ஹாலின் மூலையில் இருந்த என் அலமாரிக்கு முன்னால் வந்து நின்றாய். மூன்று ரிமோட் கார்கள், டயர்கள், ஸ்க்ரூ டப்பாக்கள், ரிமோட், எல்லாம் அதில்தான் இருந்தன.

"அம்மா, அவங்க வர்றப்ப இதெல்லாம் கண்ணுல படாம வெச்சிடும்மா."

"ஏண்டா?"

"ஏன்னு கேட்டா நா என்னத்த சொல்றது? அம்பத்தெட்டு வயசுல ஒரு பொம்பள பொம்மக் காரு ஓட்டறாங்கன்னா அவங்க என்னா நெனப்பாங்க?"

பொம்மை என்று சொன்னாய். அந்த வார்த்தைக்கு நான் பதில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஒரு கோணிப்பையில் மூன்று கார்களையும் போட்டு நானே கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். பேட்டரிகளை மட்டும் பின்பக்கத்து இரும்புப் பெட்டியில் வைத்தேன், ஏனென்றால் அவை சூடாகிப் பற்றிக்கொள்ளக்கூடிய சாமான். மனிதர்கள் படுக்கிற இடத்துக்குக் கீழே வைக்கக் கூடாது. மானத்தைக் காப்பாற்றும் அவசரத்திலும் அந்தப் புத்தி எனக்கு இருந்தது.

அவர்கள் வந்தார்கள். காபி குடித்தார்கள். சங்கீதாவின் அப்பா நல்ல மனிதர், தென்னந்தோப்பும் மாந்தோப்பும் வைத்திருப்பவர், யாரிடமும் குரலை உயர்த்தாதவர். என்னைப் பார்த்து, "ரிட்டயர் ஆயிட்டு என்னங்க பண்றீங்க, பொழுது போவுதுங்களா?" என்று மரியாதையாகத்தான் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் நீ சொன்னாய்: "கோயிலு, டீவி, அப்பறம் கல்லாவி ஊருல மாமா வீட்டுக்குப் போவாங்க. பொழுது அப்படியே ஓடிடுதுங்க." நான் தலையாட்டினேன். கோயிலுக்கு நான் போய் எத்தனை மாதம் ஆயிற்று என்று உனக்கும் தெரியும், சாமிக்கும் தெரியும். டீவி ரிமோட்டில் பேட்டரி இல்லை. இருந்தும் தலையாட்டினேன். அவர்கள் கிளம்பிப் போனதும் நீ என் தோளைப் பிடித்து, "சூப்பர்மா" என்றாய். இருபத்திரண்டு வருஷம் கம்பெனியில் வேலை பார்த்தபோதுகூட அப்படி ஒரு பாராட்டை வாங்கிக்கொண்டு நான் கூனிக் குறுகியதில்லை.

அந்தக் கார்கள் இந்த வீட்டுக்கு யாரால் வந்தன? உன்னால். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், ஒரு முழ நீளத்தில், நாலு சக்கரமும் சுற்றுகிற ஒரு கார் வாங்கி வந்தாய். மூன்று ஞாயிற்றுக்கிழமை தெருவில் ஓட்டினாய். நாலாவது வாரம் மோட்டார் சுற்றியது, கார் நகரவில்லை. "வேஸ்ட்டும்மா இது" என்று அலமாரிக்கு மேலே தூக்கிப் போட்டுவிட்டுப் போனாய். ஒரு நாள் தூசி தட்டும்போது எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். அடியில் நாலு ஸ்க்ரூ. கழற்றினேன். உள்ளே பெரிய பல்சக்கரத்தில் ஒரு பக்கத்துப் பல் முழுக்க மழுங்கிப்போயிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் வேலையே அதுதானே? மற்றவர்கள் வெட்டி அனுப்பிய கியர்களை வெளிச்சத்தில் பிடித்து, பல்லைத் தடவி, அளவு பார்க்கும் கேஜில் வைத்துப் பார்த்து, நல்லதை நீலப் பெட்டியிலும் கெட்டதைச் சிவப்புப் பெட்டியிலும் போட்டுப் போட்டுத்தான் உன்னைப் படிக்க வைத்தேன். உன் கார் ஏன் செத்தது என்று பார்த்த ஒரு நிமிஷத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. மோட்டாரில் இருக்கும் சின்னப் பல்சக்கரமும் இந்தப் பெரிய சக்கரமும் சரியாகக் கடித்துக்கொள்ளாமல், நுனியில் மட்டும் உரசி உரசி ஓடியிருக்கின்றன. மோட்டாரை ஒரு மயிரிழை தள்ளி மாட்டியிருந்தால் அந்தக் கார் இன்னும் ரெண்டு வருஷம் ஓடியிருக்கும்.

அந்தச் சக்கரம் எங்கே கிடைக்கும் என்று விசாரித்துக்கொண்டு போனபோதுதான் சலீம் பாயைப் பார்த்தேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறாரே, அவர்தான். கடையின் ஒரு ஓரத்தில் இந்தக் கார்களுக்கான பாகங்களையும் வைத்திருக்கிறார். நான் பல்சக்கரத்தை மேசையில் வைத்ததும், "பையனுதாக்கா?" என்று கேட்டார். "ஆமாங்க" என்றேன். இரண்டாவது தடவை போனபோதும் அதையே கேட்டார். மூன்றாவது தடவை, "எனக்குத்தாங்க" என்றேன். அவர் உடனே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். அந்த ஸ்டூலுக்காகவே அவரிடம் எனக்கு மரியாதை.

நான் செய்த தப்புகளையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எல்லாம் தெரிந்தவள்போல் ஆகிவிடும். கார் திரும்ப ஓட ஆரம்பித்ததும் எனக்கு வேகம் வேண்டும் என்று ஆசை வந்தது. போனில் வீடியோ பார்த்துப் பார்த்து, தேய்வதற்கு உள்ளே கார்பன் கட்டையே இல்லாத புது மாதிரி மோட்டார், அதற்கு ஏற்ற பெரிய பேட்டரி, இரண்டும் வேண்டும் என்று போய் நின்றேன். சலீம் பாய், "அக்கா, மோட்டார அப்பறம் பாத்துக்கலாம். மொதல்ல சக்கரத்துக்குள்ள அச்சத் தாங்கற பிளாஸ்டிக் புஷ்ஷ எடுத்துட்டு பேரிங் போடுங்க. டயர மாத்துங்க. அப்பறம் வாங்க" என்றார். இவருக்கு விற்கத் தெரியவில்லை என்று நினைத்து, வேறு இடத்தில் சொல்லி வரவழைத்துவிட்டேன். மாட்டி, விசையை அழுத்தினேன். கார் பாய்ந்தது பார், எனக்கே பயமாகிவிட்டது. இருபது எண்ணுவதற்குள் ஒரு கருகல் வாடை. பெரிய பல்சக்கரம் மெழுகுபோல் உருகி, சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகிற கம்பி வளைந்து, புஷ் எல்லாம் அச்சோடு ஒட்டிக்கொண்டிருந்தது. இருபத்திரண்டு வருஷம் கியர் பார்த்தவள் செய்த வேலை அது.

பொறுமையாக முதலிலிருந்து ஆரம்பித்தேன். சக்கரத்துக்கு இரண்டு வீதம் பேரிங் போட்டேன். மோட்டாரைத் தொடாமலேயே கார் முன்னைவிட இலகுவாக ஓடியது, பேட்டரியும் கூடக் கொஞ்ச நேரம் நின்றது. அடுத்து டயர். வீடியோவில் இருப்பவர்கள் புல்லிலும் மணலிலும் ஓட்டுகிறார்கள், அவர்களுக்கு உயரமான கட்டை வைத்த டயர் சரி. சலீம் பாய் கடைக்கு வருகிற நாங்கள் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்டுவது பாகலூர் ரோட்டில் விற்காமல் கிடக்கும் மனைப்பிரிவில், வெயிலில் காய்ந்து இறுகிய செம்மண்ணில். அதற்குச் சின்னச் சின்ன முள் வைத்த டயர்தான் பிடிக்கும். யாரோ எங்கேயோ ஓட்டுகிற காருக்கு நல்லதாக இருப்பதை வாங்காதே, உன் மண்ணுக்கு எது பிடிக்கும் என்று பார்த்து வாங்கு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. மாற்றிய பிறகு இரண்டு பேட்டரி தீரும்வரை ஓட்டு. மூன்றை ஒரே நாளில் மாற்றினால், கார் நன்றாக ஓடினாலும் எதனால் என்று தெரியாது, கெட்டாலும் தெரியாது. இதையெல்லாம் உன் கல்யாணத்துக்கு உவமையாகச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. காரைப் பற்றித்தான் சொல்கிறேன். காரைப் பற்றிச் சொல்வதற்கு எனக்கு வேறு சாக்கு வேண்டியதில்லை.

இன்னொரு தப்பு. முன்சக்கரத்தைத் தாங்குகிற கை பிளாஸ்டிக்கில் இருந்தது. ஒரு தடவை மனைக்கல்லில் மோதி உடைந்தது. பிளாஸ்டிக்கே வேண்டாம் என்று, பளபளவென்று நீல நிற அலுமினியக் கைகள் வாங்கி மாட்டினேன். பார்க்க அவ்வளவு அழகு. அடுத்த மோதலில் கை உடையவில்லை. அந்த அடி முழுக்க உள்ளே போய், முன்பக்கத்து உடலே பிளந்துவிட்டது. கையென்றால் பத்து நிமிஷத்தில் மாற்றலாம். உடல் பிளந்தால் காரையே பிரிக்க வேண்டும். சலீம் பாயிடம் காட்டியபோது, "சாமானு அழகா இருந்துச்சில்ல?" என்று மட்டும் கேட்டார். வளைந்து கொடுக்கிற நைலான் பிளாஸ்டிக் கைகளையே திரும்ப மாட்டினேன். உலோகம் வேண்டிய இடம் வேறு. சக்கரத்தைத் திருப்புகிற சர்வோ மோட்டாருக்குள் இருக்கும் பல்சக்கரங்கள். அதில் பிளாஸ்டிக் இருந்தால் உடனே தூக்கிப் போடு. இப்போது யாராவது புதிதாக வந்தால், பல்சக்கரங்களை மாட்டும்போது இரண்டுக்கும் நடுவில் ஒரு துண்டுக் காகிதத்தை வைத்து இறுக்கி, பிறகு காகிதத்தை உருவச் சொல்லி நான்தான் காட்டுகிறேன். அந்த இடைவெளிதான் சரியான இடைவெளி. ஓட்டி முடித்ததும் மோட்டாரில் விரல் வைத்துப் பார்க்கச் சொல்கிறேன். ஐந்து எண்ணும்வரை வைக்க முடியவில்லையென்றால் ஒரு பல் குறைவாக உள்ள சின்னச் சக்கரத்தை மாட்ட வேண்டும். கர்நாடக எல்லையில் அட்டிபெலேயிலிருந்து வரும் காலேஜ் பிள்ளைகள் என்னைச் சுற்றி உட்கார்ந்து கேட்கிறார்கள். நீ மட்டும்தான் ஒரு நாள்கூடக் கேட்டதில்லை.

இப்போது, இந்தக் கடிதத்தில் எழுதலாமா வேண்டாமா என்று நான் அதிகம் யோசித்த விஷயத்துக்கு வருகிறேன். நீ எட்டாவது படிக்கும்போது ஒரு கார் செய்தாய். உடைந்த டேப் ரெக்கார்டரின் மோட்டார், ரப்பர் செருப்பை வட்டமாக வெட்டிய சக்கரம், உன் அப்பாவின் டார்ச்சிலிருந்து எடுத்த செல். மறுநாள் கணக்குப் பரீட்சை. நான் முதல் ஷிப்ட் முடிந்து, பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, கதவைத் திறந்தால் நீ தரையில் குப்புறப் படுத்து அந்தக் காரை ஓட்டிக்கொண்டிருந்தாய். புத்தகம் ஒரு மூலையில் கிடந்தது. காலைத் தூக்கி அந்தக் கார்மேல் வைத்தேன். நசுங்குகிற சத்தம் கேட்டது. "வெளையாட்டு உருப்படாதவனுக்குத்தாண்டா. வெக்கமா இல்ல உனக்கு?" என்று கேட்டேன். நீ அழவில்லை. துண்டுகளைப் பொறுக்கிக் குப்பையில் போட்டுவிட்டு, புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாய். கணக்கில் நல்ல மார்க் வாங்கினாய். உன் அப்பா மட்டும், "நீ பண்ணது தப்புடி" என்றார். நான் கேட்கவில்லை. மார்க் வந்ததைக் காட்டி அவர் வாயை அடைத்தேன்.

அதற்குப் பிறகு நீ எதையும் பிரிக்கவில்லை, எதையும் செய்யவில்லை. முதல் வருஷச் சம்பளத்தில் அந்தக் காரை வாங்கி வந்தபோதுகூட, தெருவில் யாராவது வந்தால் சட்டென்று கையில் எடுத்துக்கொண்டாய். எனக்கு அப்போது புரியவில்லை. கட்டிலுக்கு அடியில் நானே கோணியைத் தள்ளிய அன்று புரிந்தது. ஆசைப்பட்டு ஒன்றைச் செய்வது வெட்கக்கேடு, நாலு பேர் பார்க்காமல் அதை மறைக்க வேண்டும் என்று உனக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான்தான். அந்த ஒரு விஷயத்துக்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். முழு மனதோடு கேட்கிறேன். அதே வெட்கத்தை நீ திரும்ப என் தலையில் வைத்தால் வாங்கிக்கொள்ள மாட்டேன்.

மத்தூருக்குப் போன அன்று அதைத்தான் சொன்னேன். தேதி பேசப் போயிருந்தோம். சங்கீதாவின் அப்பா இளநீர் வெட்டிக் கொடுத்தார். அவர் மனைவி பேச்சுவாக்கில், "ஞாயித்துக்கெழம கல்யாணம் வெச்சா உங்களுக்குக் கோயிலுக்குப் போறது கெட்டுப்போவுங்களா?" என்று கேட்டார். அவர் கிண்டல் செய்யவில்லை. நீ சொன்னதை நம்பிக் கேட்டார். நம்பிக் கேட்கிறவரிடம் இரண்டாவது தடவையும் பொய்க்குத் தலையாட்ட என்னால் முடியவில்லை.

"நா கோயிலுக்குப் போறதில்லீங்க. ஞாயித்துக்கெழம காலைல ரிமோட் காரு ஓட்டப் போவேன். பந்தயம் உடுவோம்."

அவர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். நீ செருமினாய். நான் அலமாரியைப் பற்றியும் அதிலிருந்த கார்களை அன்று எங்கே ஒளித்துவைத்தேன் என்பதையும் சொன்னேன். சங்கீதா கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் அப்பா மெதுவாகத்தான் சொன்னார்: "தப்பா எடுத்துக்காதீங்க. எங்க பக்கம் சொந்தக்காரங்க ஒரு மாதிரி பேசுவாங்க. கல்யாணம் வரைக்குமாவது அத நிறுத்தி வெச்சிடுங்க."

நீ என் பக்கம் குனிந்து, "சரின்னு ஒரு வார்த்த சொல்லும்மா" என்றாய்.

"இல்லீங்க," என்று நான் அவரிடம் சொன்னேன். "பேசறவங்க பேசட்டும். நா நிறுத்தறதா இல்ல."

அவர் கோபப்படவில்லை. "யோசிச்சு சொல்றோங்க" என்றார். தேதி குறிக்காமலே எழுந்து வந்தோம். காரில் கிருஷ்ணகிரி தாண்டியதும் பேச ஆரம்பித்தவன் நிறுத்தவில்லை. என் வாழ்க்கையைக் கெடுத்துட்ட என்றாய். உனக்கு மூளை கலங்கிப்போச்சு என்றாய். அப்பா இருந்தா இப்படி ஆடுவியா என்றாய். அந்த மூன்றாவது வார்த்தைக்குத்தான் நான் சூளகிரியில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். இருபத்தேழு வருஷம் லாரி ஓட்டியவர் உன் அப்பா. ஓட்டாத நாளில் அந்த லாரியைக் கழுவிக் கழுவிப் பார்த்துக்கொண்டிருந்தவர். அவர் இருந்திருந்தால் என் பக்கத்தில் நின்று, இன்னும் வேகமா விடு என்று கத்தியிருப்பார். சிப்காட் வேலை முடிந்து வந்த பெண்களோடு பஸ்ஸில் நின்றுகொண்டே ஓசூர் வந்து சேர்ந்தேன்.

வந்ததும் கோணிப்பையை வெளியே இழுத்தேன். கார்களைத் துடைத்து அலமாரியில் பழையபடி வைத்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மனைப்பிரிவுக்குப் போனேன். ஒன்பது கார்கள் வந்திருந்தன. நான் ஜெயித்தேன் என்று எழுத ஆசைதான், ஆறாவதாக வந்தேன். கடைசிச் சுற்றில் திருப்பத்தில் அவசரப்பட்டுக் கவிழ்த்துவிட்டேன். ஆனால் ஒரு பாகமும் உடையவில்லை, மோட்டாரில் விரல் வைத்தால் இளஞ்சூடுதான். அட்டிபெலே பையன் ஒருவன் என் காரை நிமிர்த்திக் கொடுத்து, "ஆன்ட்டி, காடி சென்னாகிதே" என்றான், வண்டி நன்றாக இருக்கிறது என்று கன்னடத்தில். அதை யாரோ வீடியோ எடுத்துப் போட்டிருக்கிறார்களாம். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தலையில் துண்டு கட்டிக்கொண்டு நான் நிற்பது நன்றாகத் தெரிகிறதாம். உன் ஆபீஸ்காரர்கள் பார்த்தால் பார்க்கட்டும்.

முந்தாநாள் செவ்வாய்க்கிழமை மத்தியானம் சங்கீதா வந்தாள். தனியாக, பஸ்ஸில் வந்திருந்தாள். உனக்குச் சொல்லிவிட்டு வந்தாளா என்று கேட்டேன், இல்லை என்றாள். அவள் அலமாரியைப் பார்த்து ஆச்சரியப்படவும் இல்லை, காரை ஓட்டித் தாருங்கள் என்று கேட்கவும் இல்லை. தண்ணீர் குடித்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"அத்த, நா சூளகிரி பக்கத்துல கம்பெனில லைன்ல நிக்கறேன். செல்போனுக்கு உள்ள போற சாமானு கோக்கறது. டிப்ளமா படிச்சிருக்கேன், அதனால நாலு பேருக்கு மேல லீடரா போட்டிருக்காங்க. அவருக்குத் தெரியும்."

"தெரியும். நீ வேலைக்குப் போறேன்னு எனக்கும் சொன்னான்."

"என்னான்னு சொன்னாரு?"

"ஆபீஸ்ல வேலன்னான்."

"எங்கிட்டயும் அப்படியே சொல்லச் சொன்னாரு. அவரு பிரெண்டுங்க கேட்டா லைன்லன்னு சொல்லாத, ஆபீஸ்ல இருக்கேன்னு சொல்லு, அப்படின்னாரு. அப்ப நா பெருசா எடுத்துக்கல. அன்னிக்கி நீங்க எங்க வீட்ல பேசினதுக்கு அப்பறம் மனசுல அதுவே ஓடுது. உங்கள ஒளிச்சாரு, என்னையும் ஒளிக்கறாரு. கட்டிக்கிட்டா இன்னும் எத ஒளிக்கச் சொல்லுவாருன்னு தெரியல அத்த."

தினேஷ், அதைக் கேட்டபோது எனக்கு எப்படி இருந்தது என்று உன்னால் நினைத்துப் பார்க்க முடியுமா? உன் அம்மா ஷிப்டில் நின்று கொண்டுவந்த சம்பளத்தில் வளர்ந்தவன், லைனில் நிற்கும் பெண்ணை ஆபீஸ் என்று சொல்லச் சொல்கிறாய். அப்படியென்றால் என் வேலையை உன் நண்பர்களிடம் என்னவென்று சொல்லி வைத்திருக்கிறாய்? கேட்கவே எனக்குப் பயமாக இருந்தது. அவளிடம் கேட்கவில்லை. உன்னிடமும் கேட்கப் போவதில்லை, நீயாகச் சொன்னால் கேட்டுக்கொள்வேன்.

அவள் என்னிடம் உன்னைப் பற்றிக் கேட்டாள். உண்மையைச் சொன்னேன். உன் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த நாற்பது நாளும் வேலையை விட்டுவிட்டு வந்து அவருக்கு முகம் மழித்து, துணி மாற்றி, பக்கத்திலேயே தரையில் படுத்திருந்ததைச் சொன்னேன். நீ குடிக்க மாட்டாய் என்று சொன்னேன். யாரைப் பார்த்தும் கை ஓங்கினதில்லை என்று சொன்னேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"அவரு நல்லவருதான், எனக்குத் தெரியும் அத்த. நா கேட்டதுக்குப் பதிலு?"

"அதுக்கு நா பதிலு சொல்ல மாட்டம்மா," என்றேன். "நா சொன்னா அது எம் பதிலா இருக்கும். அவங்கிட்டயே கேளு. ஒனக்குச் சரின்னு படலன்னா வேணாம்னு சொல்லிடு. நா ஒரு வார்த்த உன்னக் கொற சொல்ல மாட்டேன்."

ஆமாம், அப்படித்தான் சொன்னேன். உன் கல்யாணத்தைக் கெடுக்கிறேன் என்று நீ மறுபடியும் கத்தலாம். கத்து. இத்தனை வருஷம் ஒரு கியரைக் கையில் வாங்கினால், அதை அனுப்பியவர் யார், அவருக்கு மேலே யார் இருக்கிறார்கள் என்று நான் பார்த்ததில்லை. சூப்பர்வைசர் நேரில் வந்து நின்றபோதும் பல் சரியில்லை என்றால் சரியில்லை என்றுதான் எழுதிக் கொடுத்தேன். பெற்ற பிள்ளை என்பதற்காக அவளிடம் வேறு மாதிரி பேசியிருந்தால், நாளைக்கு அவள் இந்த வீட்டுக்கு வந்து என் முகத்தைப் பார்க்கும்போது நான் எங்கே போய் நிற்பேன்? அவளை எனக்குப் பிடித்திருக்கிறது. அவள் இந்த வீட்டுக்கு வர வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது. அவள் தலைநிமிர்ந்து வர வேண்டும் என்பதுதான் அந்த ஆசை.

உன்மேல் எனக்கு அன்பு குறைந்துவிட்டது என்று எண்ணிவிடாதே. சூளகிரியில் இறங்கியதும் முதலில் நினைத்தது, நீ கோபத்தில் வேகமாக ஓட்டிக்கொண்டு போவாயே என்றுதான். நீ பெங்களூர் போய்ச் சேர்ந்துவிட்டாய் என்று பக்கத்து வீட்டு மஞ்சுவை விட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் சாப்பிட்டேன். அதற்காக உன்னிடம் சரி என்று சொல்ல மாட்டேன். என் கண் இன்னும் நன்றாகத் தெரிகிறது, விரல் இன்னும் சின்ன ஸ்க்ரூவைப் பிடிக்கிறது. இரண்டும் எத்தனை வருஷம் இப்படி இருக்கும் என்று தெரியாது. இருக்கும்வரை ஓட்டுவேன். நீ விட்டுப்போன அந்த முதல் காரும் இங்கேதான் இருக்கிறது, நன்றாக ஓடுகிறது. வேண்டுமென்றால் வந்து எடுத்துக்கொள். தெருவில் யார் வந்தாலும் கையில் தூக்கிக்கொள்ளாமல் ஓட்டு.

சங்கீதா உன்னை இந்த ஞாயிற்றுக்கிழமை கிருஷ்ணகிரிக்கு வரச் சொல்வாள், கிளம்பும்போது என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள். என்னிடம் கேட்டதை அப்படியே உன்னிடம் கேட்பாள். நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டு, நேரத்துக்குப் போ. என்ன பதில் சொல்வது என்று எனக்குப் போன் செய்து கேட்காதே. அன்று காலை ஆறு மணியிலிருந்து பதினொன்று வரைக்கும் நான் போன் எடுக்க மாட்டேன், இரண்டு கையிலும் ரிமோட் இருக்கும்.

அம்மா